கவனமாகக் கையை நசுக்குங்கள்

சூலக்கரை கலெக்டர் அலுவலக வராந்தாவில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது அச்சகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, சாகுல் பாய் போயிட்டாரு. மெஷின்கிட்ட நின்னவரு அப்படியே உக்காந்தாரு, அம்புட்டுத்தான்." வந்த வேலையை விட்டுவிட்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

சாகுல் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும் அட்டையும் அடிக்கும் எங்கள் அச்சகத்தில் பஞ்சிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அட்டையை வைத்ததும் புத்தகம் மூடுவதுபோல மூடி வெட்டும் மெஷின்கள் அவை. நான் அங்கே புரூப் பார்த்துப் பிழை திருத்துபவன், ஆங்கிலம் எம்.ஏ. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இருவருக்கும் ஒரே வயது.

நான்கு வருடங்களுக்கு முன் புது மெஷின் வாங்க முதலாளி எங்களைச் சீனாவுக்கு அனுப்பினார். மெஷினைப் பார்க்க பாய், பேச நான். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தப்பும் தவறுமாக ஆங்கிலப் பலகைகள். ஓட்டல் படிக்கட்டில் 'பத்திரமாக வழுக்கி விழுங்கள்' என்ற அர்த்தத்தில் ஒன்று. ஊரில் காட்டுவதற்காக ஒவ்வொன்றையும் கேமராவில் பிடித்துக்கொண்டே போனேன்.

மெஷின் கம்பெனியில், ஒரு பஞ்சிங் மெஷின்மேல் கையால் எழுதிய பலகை தொங்கியது. தமிழில் சொன்னால், 'கவனமாகக் கையை நசுக்குங்கள்'. கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"என்னத்துக்கு அண்ணாச்சி இம்புட்டுச் சிரிக்கீக?"

சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. குனிந்து மெஷினின் வாயைப் பார்த்தார்.

"சரியாத்தான எழுதியிருக்காக. அங்கன கை போச்சுன்னா நசுங்கத்தான செய்யும். யாரு எழுதுனதுன்னு கேளுங்க."

கம்பெனியிலிருந்து எங்களோடு வந்த, ஆங்கிலம் தெரிந்த சீனப் பெண் விசாரித்து, நரைத்த தலைத் தொழிலாளி ஒருவரை அழைத்துவந்தாள். மெஷின் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தெரியாமல் கையை விட்டுவிடக் கூடாதென்று, அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி அவரே எழுதினாராம். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பாய் அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிழை இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றாள் அந்தப் பெண், என்னிடம்.

இல்லை என்றேன்.

அதோடு நான் திருந்தினேனா என்றால், இல்லை. ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் பாய் நின்றிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தேன். ஒன்றும் சொல்லாமல் மெஷின் பக்கம் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

போன சீசனில் பீகாரிலிருந்து நான்கு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்களில் தினேஷ் என்பவரிடம் பாய் இந்தி எழுத்துப் படிக்க ஆரம்பித்தார், ஐம்பது வயதில். மதியம் சாப்பிட்டுக் கைகழுவியதும் அட்டைத் துண்டுகளில் எழுதிப் பழகுவார். இரண்டு மாதம் கழித்துத் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி மெஷின்மேல் மாட்டினார். படித்துவிட்டு நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கை உங்களை வெளியே வைக்கவும்' என்பதுபோல இருந்ததாம். பாயும் சேர்ந்து சிரித்தார்.

"தெரிந்தவரிடம் எழுதி வாங்கி நல்ல இந்தியில் அடித்துத் தருகிறேன் பாய்" என்றேன்.

"அடிங்க, பக்கத்துல மாட்டுவோம். ஆனா இத எடுக்காதீக. சிரிக்கணும்னா படிச்சாகணும்ல?"

அன்று சீனப் பலகையைப் பார்த்து நான் கேலியாகச் சிரித்த சிரிப்பிலிருந்துகூட, நாலு பேர் கையைக் காப்பாற்ற ஒரு வழி எடுத்துக்கொண்டாரே இந்த மனிதர் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடக்கம் முடிந்து பாய் வீட்டு வாசலில் நின்றோம். தினேஷ் பாயின் மகளிடம் போய், தெரிந்த தமிழில் சொன்னார்: "பாய் ரொம்ப கத்துவான். கை எடு, கை எடு. இப்போ என் கை இருக்கு. பாய் இல்லே." யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாய் உட்கார்ந்து எழுதிப் பழகிய இடத்தில் இப்போது மதியங்களில் தினேஷுக்கு எதிரே நான் உட்காருகிறேன். பாயிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த இந்திப் படிப்புதான். நேற்று என் பெயரை முதன்முதலாக இந்தியில் எழுதிக் காட்டினேன். தினேஷ் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.