விளக்குக்கு வைத்த குடங்கள்

காலை ஏழு மணிக்கு மாம்பலத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கெஞ்சியது. ரங்கநாதன் தெருவில் கடைகள் திறக்கவில்லை. அந்தத் தெருவுக்குத் தரை உண்டு என்பதையே அன்றுதான் பார்த்தேன். அடையாற்றங்கரைக் குப்பத்துக்கு ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார்.

"ஏம்பா, வண்டியையே விக்கிறியா?"

சிரித்தபடி நாற்பதுக்கு ஏற்றிக்கொண்டார். "ஆத்தோரக் குப்பத்துல இன்னா சார் வேலை?"

"கரண்ட் இல்லாத எடமாச்சே, ஒரே ஒரு சூரிய விளக்கு வருதாம். எங்க நடுறதுன்னு ஜனங்களே முடிவு பண்றாங்களாம். பார்க்கணும்."

"அத்த இன்னா பாக்குறது? தனசேகர் அண்ணன் வாசல்லதான் நிக்கும்."

எட்டு மணிக்குக் குப்பத்தில் இருந்தேன். பெண்கள் சங்கத்துத் தலைவி செல்வி, கழிப்பிடத்துக்குப் போகும் ஆற்றோரப் பாதைக்கு அழைத்துப் போனாள். "இங்கதான் சார் போன மாசம் என் பொண்ண பாம்பு கட்ச்சிச்சி. பொழச்சது மறுபொறப்பு. வெளக்கு இங்கதான் வரணும். வுடமாட்டேன்."

குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தனசேகர் அசரவில்லை. "ஆத்தாண்ட வெச்சா பேட்டரிய எவனாச்சும் தூக்கிக்கினு பூடுவான். என் வாசல்ல பத்திரமா கீதும்."

தண்ணீர் லாரி வரிசையில் அங்கே குடம்தான் ஆள். வீட்டுக்கு ஒன்று, அதை அடுத்தவர் நகர்த்தக் கூடாது. ஓட்டும் அப்படியே: பாதையில் ஒரு வரிசை, தனசேகர் வாசலில் ஒரு வரிசை. அவர் வரிசைதான் நீளம். செல்வியின் முகம் செத்துப்போனது.

ஆனாலும் அவள் விடவில்லை. அந்த வரிசையை ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டே போனாள். "இது கமலா வூட்டுது, நெளிஞ்சது. இது மேரியோட பச்ச. இதெல்லாம் யாரு வூட்டுது? இன்னா நைனா, உன் கடைக் கொடத்துல ஸ்டிக்கர்கூட கியிக்கலியே!"

குப்பமே சிரித்தது. புதுக் குடங்களை எடுத்த பிறகு இரண்டு வரிசையும் சமம். அப்போது தனசேகரின் மனைவி படியிறங்கி வந்தார். தன் வாசலில் இருந்த சொந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதைக்கு நடந்தார்.

"யோவ், ராத்திரியில நானும் அங்கதான போறேன்? பேட்டரிக்குக் கூண்டு போடு. சாவி சங்கத்துல இருக்கட்டும்."

தனசேகர் கடப்பாரை எடுத்துவந்து பாதையில் முதல் குத்து அவரே குத்தினார். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆழமா தோண்டு நைனா" என்றாள்.

மாலை ரயிலில் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே இருக்கும் ஒரே விளக்கு கவுன்சிலர் வாசலில் எரிகிறது. தெருக்கோடியில் பெண்கள் தட்டித் தடவித்தான் நடக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் குடம் கிடக்கிறது. ஊருக்குப் போனதும் முதல் வேலை, அதைக் கீழே இறக்கித் தெருக்கோடியில் வைப்பதுதான்.