வெளித்துண்டு கேட்கக் கண்டிக்குப் போனோம்

கலஹாவில் இருந்து கண்டிக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் எங்களைப் போலப் போக வேண்டியவர்கள் இருப்பார்கள் என்று என் மகன்தான் எழுதச் சொன்னான். பெயர் மட்டும் போடக் கூடாதாம்.

மே மாதம் அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கிளினிக்கில் முடிவைக் கேட்டவன் மிச்சத்தைக் கேட்காமல் எழும்பி வந்துவிட்டான். ஹார்ட்வெயார் கடையில் வேலை. காப்புறுதி ஒன்றும் கிடையாது. மருந்துக்கு எங்கே போவது? நான் ஓட்டிப் பிழைக்கிற ஓட்டோவை விற்பது என்று தீர்மானித்து ஆளும் பார்த்துவிட்டேன்.

"ஓட்டோவ வித்தீங்கன்னா நான் அந்த மருந்தத் தொடவே மாட்டேன்பா. அப்புறம் எல்லாரும் என்னத்த திங்கிறது?" என்றான். சொன்னால் செய்கிறவன். ஒரு தடவை டொக்டரைப் பார்ப்போம் என்று கெஞ்சித்தான் கூட்டிப் போனேன்.

ஆறரை பஸ். ஓட்டோவில் போயிருக்கலாம், ஆனால் பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கிளினிக் வாசலில் நிறுத்தினால் நோட்டீஸ் அடித்து ஒட்டின மாதிரி. வழி முழுக்க நான் டிரைவரின் பிரேக்கைக் குறை சொன்னேன், மகன் ஜன்னலைப் பார்த்தான். பேராதனையில் மாணவர்கள் ஏறி நெரித்தார்கள். எட்டு மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்கினோம்.

கிளினிக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். அடையாளம் தெரியாமல் இருக்க நான் தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டு வந்திருந்தேன். நம்பரைக் கூப்பிட்டதும், "டேய், நம்ம நம்பர்டா!" என்று மகனின் பெயரையும் சேர்த்துக் கத்திவிட்டேன். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. "மைக் வாங்கித் தரவாப்பா?" என்றான் மகன்.

டொக்டர் அவனோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனோம். அங்கே ஒரு முஸ்லிம் சகோதரி இருந்தார். கொஞ்ச வருசமாகப் பெரியாஸ்பத்திரி என்றால் எங்களுக்கு ஒரு பழக்கம்: பாதி மருந்து உள்ளே, மீதிக்கு ஒரு துண்டு, வெளியே பாமசியில் வாங்க வேண்டும். அதனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே கையை நீட்டினேன்.

"துண்டக் குடுங்க மிஸ். நான் வெளில வாங்கிக்கிறேன்."

"எந்தத் துண்டு?"

"மருந்து வாங்குற துண்டு. எவ்வளவு வந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

"ஐயா, இத பாமசில போய்த் தேடாதீங்க. இது அரசாங்கம் குடுக்குற மருந்து. இங்கதான் தருவோம்."

"சரி, இந்த மாசம் தருவீங்க. அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும்தான். சல்லி கட்டத் தேவையில்ல, இன்சூரன்ஸும் தேவையில்ல. வந்து எடுத்தாச் சரி." பிறகு என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். "தம்பி, ஒரு நாளும் விடாமக் குடிக்கணும். ஏலுமா?"

மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம், அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

"தாங்க மிஸ்," என்றான்.

வெளியே வந்து ஓட்டோ வாங்க இருந்தவருக்கு, விற்பதில்லை என்று போன் எடுத்தேன். நல்லாத் திட்டினார். அவ்வளவு சந்தோசமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை. பிறகு குளக்கட்டில் நடந்து, கடலை வாங்கித் தின்று, பகல் பஸ்ஸில் வீடு வந்தோம்.

போகிறவர்களுக்கு: கிளினிக் நாளையும் நேரத்தையும் முதலில் போனில் கேளுங்கள். காலையிலேயே போய்விட்டால் பகலுக்குள் திரும்பலாம். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போதும். முடிவைக் கேட்ட கையோடு எழும்பி ஓடாதீர்கள். முக்கியமான விசயத்தை அதற்குப் பிறகுதான் சொல்கிறார்கள். தொப்பி வேண்டாம், வியர்க்கும்.

மகன் ஒரு நாளும் விடாமல் குடிக்கிறான். முகம் தெளிந்துவிட்டது, கறியில் உப்பில்லை என்று மறுபடியும் சண்டை பிடிக்கிறான். மருந்து எடுக்க அவனே போய் வருகிறான். நானும் வரவா என்று கேட்டால், "வேணாம்பா, அங்க எல்லாரும் நிம்மதியா இருக்காங்க" என்கிறான்.