பதினாலாம் எண் சீட்டு

“புதுச் சட்டை வாங்கினா பைக்குள்ள ஒரு சின்னச் சீட்டு இருக்கும் இல்ல, அதை நீ என்ன பண்ணுவ?”

இப்படிக் கேட்டது பெரியம்மா. தூக்கிப் போடுவேன் என்பதுதான் உண்மை. பத்தொன்பது வருடமாக அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பியவளிடம் அதை எப்படிச் சொல்வது?

பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறாள். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்கு அடியில் நீண்ட மேசை. தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டு, காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்ப்பாள். பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள். சட்டைக் கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விரலால் அளப்பாள். குறை இருந்தால் சிவப்புக் கூடை, இல்லையென்றால் மடிப்புக்கு. அதற்கு முன் பைக்குள் ஒரு சீட்டு: ‘பரிசோதித்தவர் 14’. அங்கே அவளுக்குப் பேரே அதுதான். “பதினாலு, சாப்பிட வரலியா?” என்பார்கள்.

ஒருமுறை, பட்டன் நுழைக்கும் காஜா ஒன்று திறக்காத சட்டை அவள் கண்ணில் படாமல் போய்விட்டது. வாங்கியவர் சீட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். எல்லார் முன்னாலும் திட்டு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆனால் அந்தச் சீட்டை அடையாள அட்டை உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

“எங்கியோ இருக்கற மனுஷன், என் நம்பரைப் படிச்சிருக்கான் பாரு!”

“திட்டு வாங்கின சீட்டைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியற ஒரே ஆளு நீதான்க்கா,” என்பாள் அம்மா.

நான் அப்போது பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அலாரம் அடிக்கும் முன்பே அவள் எழுந்து தலை சீவிக் கிளம்புவது எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று போர்வைக்குள் முணுமுணுப்பேன்.

பிறகு சீட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாச் சட்டைக்கும் இனி எண் இல்லாத ஒரே ஸ்டிக்கர். காரணம் கேட்கப் போனவளிடம் சூப்பர்வைசர் சிரித்தாராம். “அதை யாரு படிக்கறாங்கக்கா? நேரா குப்பைக்குத்தான் போகுது.”

அன்று மாலைதான் என்னிடம் அந்தக் கேள்வி. நான் பேச்சை மாற்றியதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவள் மேசைக்கு ஒரு வெளிர் நீலச் சட்டை வந்தது. இடது கை இரண்டு விரற்கடை அதிக நீளம். தெரிந்தே அதை மடிப்புக்கு அனுப்பினாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

“ஏன் பெரியம்மா அப்படிப் பண்ணீங்க?”

“பாப்போமே. யாராச்சும் கேக்கறாங்களான்னு.”

தினமும் அவள் செருப்பைக் கழற்றும்போது நான் வாசலுக்கு வருவேன். “கம்ப்ளெயிண்ட் வந்துதா?” “வரல.” மூன்று மாதம் இதே பேச்சு. அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை அலாரம் அடித்தது. நிறுத்த ஆள் இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

“உடம்பு சரியில்லையாக்கா?” என்று அம்மா கேட்டாள்.

“உடம்புக்கென்ன? பாத்து அனுப்பினாலும் போகுது, பாக்காம அனுப்பினாலும் போகுது. எதுக்கு எழுந்திரிக்கணும்?”

“ஏற்கெனவே ஒண்ணு படுத்திருக்கு. இப்ப ரெண்டா? நல்லா இருக்கு குடும்பம்!” சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

எதற்கு எழுந்திரிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதையே பெரியம்மா வாயால் கேட்டபோது போர்வையை உதறிவிட்டு எழுந்தேன். ஐந்தாவது நாளும் அவள் எழவில்லை. சட்டை வாங்கியவர் போலத் தொழிற்சாலைக்கு ஒரு புகார் எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் சூப்பர்வைசர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. நீலச் சட்டை, எடது கை நீளமாம். யாரு மேசையில போச்சுன்னு தெரியல, எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

பெரியம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “என்னோடதுதான்! நான்தான் விட்டேன்!” அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டே, “எவ்வளவு நீளமாம்?” என்றாள்.

“ரெண்டு விரற்கடைன்னு போட்டிருக்காங்க.”

முடிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“காசு கொடுத்து வாங்கினவங்க டேப்பு வெச்சு அளந்து எழுதுவாங்க. விரற்கடைன்னு யாருடி எழுதுவா?”

திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது வேலைக்குப் போகிறாள். அம்மா உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. அட்டை உறைக்குள் பழைய சீட்டைக் காணோம். எங்கே என்று கேட்க எனக்குத் துணிவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் இன்னும் தெரியாது. ஆனால் முன்போலப் படுத்திருக்க முடியவில்லை.

அந்தச் சட்டை யாரிடமோ இருக்கிறது. கையை மடித்துவிட்டுக்கொண்டு, போனால் போகிறதென்று போட்டுக்கொண்டிருப்பார். நான் எழுதினால் செல்லாது. அவர்தான் எழுத வேண்டும். அதனால் இதைப் படித்தவர்கள் தெரிந்த நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். உரியவர் கிடைத்தால் நன்றாகத் திட்டியே எழுதட்டும். டேப்பு வைத்து அளந்து, பதினாலாம் எண்ணுக்கு என்று போட்டு.