மூன்றாம் மாடியின் மூச்சு

மெத்தை தைக்கும் பட்டறையில் அவளை எல்லாரும் மெத்தையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்திரண்டு. பஞ்சு அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றதில் கை தேறியது, நெஞ்சு கெட்டது. ஈரக்காற்று பட்டால் போதும், இழுப்பு வந்துவிடும். "உள்ள ஒருத்தன் உக்காந்து விசில் அடிக்கிறான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனைப் படிக்க வைத்தாள். படித்த பிள்ளை ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கேம் செய்யப் போகிறேன் என்றான். வேறொருத்தியாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இவள் முன்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, தன் கட்டிலைச் சமையலறை வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, வேறென்ன சொல்ல.

மூன்று வருடம் தன்னந்தனியாக அவன் செய்த கேம் அது. வெள்ளம் புகுந்த ஒரு பாழடைந்த அடுக்குமாடி. கையில் விளக்கோடு ஒரு சிறுமி. பலகைக்குப் பலகை தாவித் தாவி அவளை மேலே ஏற்றவேண்டும். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. மூன்றாம் மாடியில் சுவருக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒன்று மூச்சு விடும். கடைசிவரை அது கண்ணில் படாது. மூச்சு நெருங்கினால் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். மெத்தையக்கா முதல் மாடியைத் தாண்டியதில்லை. "நான் பட்டனை அமுக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு தண்ணில விழுந்துடுதுடா, பாவமா இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் கேம் வெளிவந்த பிறகு, ஆடியவர்கள் எழுதுவதைப் படிக்கிற வேலை அவளுடையதாயிற்று. ஒரு வசவைப் படித்தால் தம்பிக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் போனில் எல்லாவற்றையும் படிப்பாள். பஞ்சைத் தரம் பிரிக்கிற மாதிரி, பயந்தவர்கள் ஒரு பக்கம், குறை சொன்னவர்கள் ஒரு பக்கம், வெறும் குப்பை ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதி அவனிடம் கொடுப்பாள். கேமின் பெயரில் பதிலும் போடுவாள்.

"மூன்றாம் மாடியில் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டேன்."

"என் நாய் கட்டிலுக்கு அடியில் போனது, இன்னும் வரவில்லை."

"கதை சுமார். அந்த மூச்சுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுங்கள்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறை முழுக்கப் படித்துக் காட்டினாள். "அந்த மூச்ச எப்படிடா பண்ணின?" என்று அவனிடம் கேட்டதற்கு, "எல்லாம் கம்ப்யூட்டர்தான்க்கா" என்றான், தலை நிமிராமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். மூச்சொலியை மட்டும் தனியாகப் பிரித்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்டாராம். "உள்ளே ஒரு பெண் குரல் இருக்கிறது. 'தம்பி, தண்ணி' என்கிறது. பிறகு இருபத்திரண்டு விநாடி வெறும் மூச்சு. மறுபடியும் 'தண்ணி'. யாரும் வரவில்லை. நடித்தவர் யார்?" கீழே அந்த ஒலியையும் இணைத்திருந்தார்.

அமுக்கினாள். மெஷின்கள் ஓய்ந்திருந்த நேரம், எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, இது உன் இழுப்பு மாதிரியே இருக்கே!" என்று உறை தைப்பவள் சிரித்தாள். மெத்தையக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலும் இழுப்புமாகக் கிடந்தாள். தம்பி கட்டிலை விட்டு நகரவில்லை. "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது" என்று இதே பட்டறையில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். தலையணைக்குப் பக்கத்தில் அவன் போன் இருந்தது நினைவிருக்கிறது. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டதும் நினைவிருக்கிறது. பிள்ளை அசந்து தூங்கிவிட்டான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் தண்ணி கேட்டது உனக்குக் கேட்டுதா, இல்லையா?"

அவன் எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"கேட்டுதுக்கா. ஆனா அந்த மாதிரி மூச்சு திரும்பக் கிடைக்காது. எழுந்தா சத்தம் வந்துடும். ஒரு நிமிஷம்தான். அப்புறம் குடுத்தேன்ல?"

"நீ தூங்கிட்டன்னு நெனச்சேன்டா."

"உன் குரல் வந்த இடத்தை அமுக்கிட்டேன்னுதான் இருந்தேன். இவ்வளவு நோண்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மாட்டிக்கொண்டதற்குத்தான் ஐயாவுக்கு வருத்தம்.

"அதை எடுத்துடு."

"அதை எடுத்தா கேமே இல்லக்கா. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க? நீயே தினமும் படிச்சுக் காட்டினியே."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் கட்டில்மேல் உட்கார்ந்து, கேள்வி கேட்டவருக்குப் பதில் எழுதினாள். "இது நடிப்பு இல்லை. நான் இந்த கேம் செய்தவனின் அக்கா. உடம்பு முடியாமல் கிடந்தேன். தண்ணீர் கேட்டது நிஜம். அவன் விழித்துத்தான் இருந்தான்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தபோது அதற்குக் கீழே நானூறு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவராவது 'ஐயோ' என்று சொல்லியிருப்பார் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"புல்லரிக்கிறது! கதையைக் கேமுக்கு வெளியிலும் கொண்டு வந்துவிட்டார்கள்."

"அக்கா பாத்திரம் அபாரம். அடுத்த பாகத்தில் காட்டுவீர்களா?"

"'அவன் விழித்துத்தான் இருந்தான்.' இந்த ஒரு வரிக்கே ஐந்து நட்சத்திரம்."

நிஜம்தான் என்று இன்னொரு பதில் போட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போது தம்பி போன் செய்தான். குரலில் அப்படி ஒரு துள்ளல். "அக்கா, பாத்தியா? நான் தலைகீழா நின்னாலும் இப்படி எழுத வராது! கோவத்துல எழுதினதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத. இப்படியே இருக்கட்டும், என்ன?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி என்னக்கா சொல்றான்?" என்று உறை தைப்பவள் மெல்லக் கேட்டாள்.

"சந்தோஷமா இருக்கான்" என்றாள் மெத்தையக்கா.