உடைந்த கரையில் என் மகள்

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. அங்கேதான் எனக்கு வேலை. மழை பிடித்துவிட்டதால் நானும் கூட வேலை செய்யும் அக்காவும் உப்புக் குவியல்களைக் கீற்றால் மூடிக்கொண்டிருந்தோம்.

என் மகளுக்கு எட்டு வயது. புத்திசாலிதான். ஆனால் செய்யவேண்டிய காரியங்கள் அவள் மனதில் வரிசையாக நிற்காது. பல் தேய், சட்டை போடு, பையை எடு என்று மூச்சுவிடாமல் சொன்னால், எதையும் செய்யாமல் அப்படியே நின்றுவிடுவாள். "ஒண்ண மட்டும் சொல்லுங்க. அத முடிக்கட்டும். அப்புறம் அடுத்தத சொல்லுங்க" என்று பள்ளியில் சிறப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால்தான் எங்கள் காலை வேளைகள் ஓரளவு ஓடிக்கொண்டிருந்தன.

பள்ளி விட்டதும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாத்திகளுக்கு நடுவே போகும் மண்கரையில் நடந்து என்னிடம் வருவாள். அன்று பாதி தூரம் வந்திருப்பாள். மழையில் ஊறிக்கிடந்த கரை எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் பொத்தென்று உடைந்தது. கரையை ஒட்டி ஓடும் கால்வாயின் தண்ணீர் சேற்றோடு சுழன்று பாய்ந்தது. அவள் காலடியிலும் மண் சரிய ஆரம்பித்தது.

"ஓடு! பையத் தூக்கிப் போடு! ரோட்டுக்குப் போ!" என்று நான் கத்த, "அசையாதடி, அங்கியே நில்லு!" என்று அக்கா கத்த, பிள்ளை இரண்டு காதையும் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். மண் கட்டி கட்டியாக விழுந்துகொண்டே இருந்தது.

"அக்கா, நீ பேசாத" என்று அவர் கையைப் பிடித்தேன். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவள் கண்ணைத் திறக்கும்வரை நான் பட்ட பயத்தை எழுத வரவில்லை.

"பாப்பா, அம்மாவப் பாரு."

பார்த்தாள். கைகளைக் காதிலிருந்து எடுத்தாள்.

"பைய இறக்கு."

ஒரு வாரைக் கழற்றினாள். இன்னொன்று முழங்கையில் சிக்கிக்கொண்டது. சீக்கிரம் என்று கத்த நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். பை விழுந்தது.

"ரோட்டப் பாத்துத் திரும்பு."

திரும்பினாள்.

"நட."

கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். அவள் நின்ற இடம் பையோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

வேறு கரை வழியாகச் சுற்றி, விழுந்து எழுந்து ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது: நில் என்று நான் சொல்லவே இல்லை. லாரி பறக்கிற ரோட்டில் நடந்துகொண்டே போய்விட்டால்?

பஸ் நிற்கும் இடத்தில், ரோட்டோரமாக நனைந்தபடி நின்றிருந்தாள். "நடந்துட்டேன்மா. அடுத்து என்னா?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் காலையில் நேரமாகும்போது என் குரல் உயரத்தான் பார்க்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு, அவள் அதை முடிக்கும்வரை காத்து நிற்கிற ஒவ்வொரு முறையும், அவள் உயிரையே கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது எனக்கு.