பெட்டிக்குள் பாடிய புருஷன்

சென்னையிலிருந்து வந்திருந்த வியாபாரி, அப்பாவின் பழைய ரெகார்டு பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். “சாவி குடுத்து ஓடுற பெட்டி எங்கயும் கெடைக்கும்ங்க. இது கரண்ட்ல ஓடுறது, மோட்டாரும் மாத்தல. அபூர்வம்ங்க,” என்று ஸ்விட்சைப் போட்டார். வால்வு சூடாகி, தூசி கருகும் வாசனை மெல்ல எழுந்தது.

அந்த வாசனையோடுதான் எங்கள் திருத்தணி வீட்டில் சாயங்காலம் இறங்கும். அந்த நேரம் பார்த்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறியெல்லாம் ஓடும்; கரண்ட் குறைந்து எங்கள் வீட்டு பல்பு மஞ்சளாகப் பழுக்கும். ரெகார்டு தளர்ந்து, பாடிக்கொண்டிருந்த பொம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாகக் கனக்கும். “தறிக்காரன் வயிறு மொதல்ல, நம்ம பாட்டு அப்புறம்,” என்பார் அப்பா. எங்களுக்கு அவர் நைனா. ரெகார்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் விரலை வைத்துத் தள்ளிச் சுற்றுவார். பொம்பளைக் குரல் திரும்பி வரும். பெட்டிக்குள் புருஷனும் பொண்டாட்டியும் குடியிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு அவர் மடியிலேயே தூங்கிப்போவேன்.

“காகிதம் இங்க தேஞ்சிருக்குங்க. யாரோ கைய வச்சிகினே இருந்திருக்காங்க,” என்று முகம் சுளித்தபடி வியாபாரி ரெகார்டை ஓடவிட்டார். இப்போதெல்லாம் கரண்ட் குறைவதில்லை. பொண்டாட்டி மட்டும் தனியாகப் பாடினாள். பாதிப் பாட்டுவரை காத்திருந்தேன். புருஷன் வரவேயில்லை.

சுழலும் காகிதத்தில் விரலை லேசாக அழுத்தினேன். பாட்டு தளர்ந்து, குரல் கனத்தது.

“கைய எடுங்கம்மா, மோட்டாருக்கு ஆவாது.”

“ஆங், இருங்க,” என்றேன். “அவரு பாடிகினு இருக்காரு.”