கங்காணியம்மாவின் புருஷன்

உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் கங்காணியம்மா என்றால், ஆட்களை மேய்க்கும் கங்காணியின் பெண்டாட்டி. அந்தப் பட்டத்துக்கு உழைக்க வேண்டியதில்லை, கழுத்தை நீட்டினால் போதும்.

எங்கள் தோட்டத்துக் கங்காணி முட்டிவலியால் வேலையை விட்டதும் மலையாளி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இனி நிங்கள்தான் கங்காணி" என்றார். மறுநாளே எல்லோரும் என்னைக் கங்காணியம்மா என்றார்கள். பழைய கங்காணியின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை.

"ஒம் புருசன் காய் எடுக்குற ஆளுதான? நீ எப்பிடிக் கங்காணியம்மா ஆன?"

"வேல பாத்துத்தான்க்கா" என்றேன். பதில் அவளுக்கு விளங்கவில்லை.

அவளையாவது சமாளித்துவிட்டேன். என் புருஷன்தான் பெரிய பாடு. அவர் என் ஆட்களோடுதான் காய் எடுக்கிறார். கங்காணியம்மா இருந்தால் கங்காணியய்யா என்று ஒருவர் இருக்கத்தானே வேண்டும் என்று டீக்கடையில் யாரோ அவரை அப்படிக் கூப்பிட்டுவிட்டார்கள். அது கேலி என்று ஊருக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. மீசைக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில் நான்கு பெண்களைக் காணோம்.

"எங்கடி அவளுக?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டேன்.

"கம்பத்துல கல்யாணம்க்கா. அய்யாதான் போயிட்டு வாங்கன்னாரு."

"எந்த அய்யா?"

அவள் கை நீட்டிய இடத்தில், ஒரு செடிக்குப் பின்னால் என் புருஷன் அதிகமாகக் குனிந்திருந்தார்.

"ஏய்யா, நீயா லீவு குடுத்த?"

"வந்து கேட்டாளுக. முடியாதுன்னா ஒனக்குத்தான மரியாதக் கொறவு?"

சிரிப்பை அடக்கத்தான் கோபப்பட்டேன். "குடுத்தது குடுத்தாச்சு. அவளுக நாலு பேரு வரிசையையும் நீயே எடுத்து முடி. கங்காணி சொல்றேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பு காய் உலர்த்தும் ஸ்டோர் வரை கேட்டிருக்கும். மனுஷன் இருட்டும் வரை எடுத்தார். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டேன். "சும்மா ஒம் புருசனாவே இருந்துக்கிறேன்டி" என்று முனகினார்.

இப்போது பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணமாகாத ஒருத்தி கங்காணியாகியிருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க ஜீப்பில் வந்தவர்கள் வழியில் விசாரித்தார்களாம். "கங்காணியம்மா வீடா? மேல போங்க" என்று யாரோ சொல்ல, ஏற்கெனவே ஒரு கங்காணிக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பயந்து பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். சேதி கேட்டு அவளே ஜீப்பை மறித்து விஷயத்தைச் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தாளாம். மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்கும் அவசரமில்லை.